ஆற்றில் கால் வைக்காத பாலங்கள்

மாணவர் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "அண்ணே, வெளிநாடு போய் வந்ததைப் பத்தி எழுதுங்க, படிக்க ஜாலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எழுதுகிறேன். ஆனால் சிவில் படித்தவன் எங்கே போனாலும் பாலத்தையும் பில்லரையும்தான் பார்ப்பான் என்பது உங்களுக்கே தெரியும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போர்ச்சுகல் நாட்டில் கிமராய்ஷ் என்று ஒரு பழைய ஊர். பழைய கட்டுமானங்களைச் சோதித்துப் பழுது பார்ப்பது எப்படி என்ற மேற்படிப்புக்காகச் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். அங்கிருந்து ரயிலில் ஒண்ணேகால் மணி நேரம் போனால் போர்ட்டோ நகரம். டோரு என்ற ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் தோள்பை, குடை, நாலு வாழைப்பழம், ஒரு நோட்டு, இவ்வளவோடு கிளம்பிவிட்டேன்.

ரயில் போய் நிற்கும் சாவோ பென்டோ ஸ்டேஷனிலேயே பாதி ஆச்சரியம் முடிந்துவிடும். பழைய கன்னிமாடம் இருந்த இடத்தில் கட்டிய ஸ்டேஷன். முன்மண்டபத்தின் சுவர்கள் முழுக்க நீல நிற ஓவிய ஓடுகள், ஏறத்தாழ 20,000 ஓடுகள் என்கிறார்கள். ஜோர்ஜ் கோலாசோ என்ற ஓவியர் செய்தது. போர், ராஜா, ஊர்வலம் எல்லாம் நீலத்தில். மேலே ஒரு வரிசை மட்டும் பல வண்ணத்தில், போக்குவரத்தின் கதையைச் சொல்கிறது. டிக்கெட் கவுண்டருக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயிலைப் பிடிக்க ஓடுகிற உள்ளூர்க்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் திட்டவில்லை.

அந்த ஓடுகளில் 1415-ல் ஸியூட்டா என்ற ஊரைப் பிடித்த காட்சியும் உண்டு. அந்தப் படையெடுப்புக்குக் கப்பல் கிளம்பியபோது போர்ட்டோ ஜனங்கள் நல்ல கறியையெல்லாம் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, குடலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை. அதனால் இன்றைக்கும் போர்ட்டோக்காரர்களுக்குக் 'குடல் தின்னிகள்' என்று பட்டப்பெயர். மதியம் அதையே வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளை பீன்ஸ் போட்டுச் சமைத்த குடல். காரம் இல்லையே தவிர, நம்ம வீட்டுக் குடல் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஸ்டேஷனிலிருந்து இறக்கத்தில் நடந்தால் ரிபெய்ரா என்ற ஆற்றங்கரை. ஊர் முழுக்கக் கருங்கல் மலைச்சரிவு. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போல இருக்கின்றன. 1996-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரையில் இறங்கி நின்றால் எதிர்க்கரையில் காயா நகரம். நடுவே டோரு ஆறு, ஆழமும் வேகமும் உள்ள ஆறு. இரண்டு கரையையும் தாண்டி வானத்தில் வளைந்து கிடக்கிறது டோம் லூயிஸ் பாலம்.

படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் பார்க்கும்போது ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. 1881-ல் ஆரம்பித்து 1886-ல் திறந்த இரும்புப் பாலம். வளைவின் ஸ்பான் மட்டும் 172 மீட்டர். வளைவுக்கு மேலே ஒரு தளம், வளைவின் காலடியில் ஒரு தளம். மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குப் போகிறவர் மேல்தளத்தில் போகலாம், கரையிலிருந்து கரைக்குப் போகிறவர் கீழ்த்தளத்தில் போகலாம். இந்த யோசனைதான் அந்தப் பாலத்தின் உயிர். மேல்தளத்தில் இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நாம் நடக்கலாம். ரயில் வரும்போது மணி அடிக்கிறார்கள், ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கைப்பிடியில் கை வைத்திருந்தேன். ரயில் கடக்கும்போது இரும்பு லேசாக நடுங்கியது உள்ளங்கையில் தெரிந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன இரும்பு!

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். ஆற்றுக்கு நடுவில் ஏன் ஒரு தூண்கூட இல்லை? முதல் காரணம் ஆறு. ஆழம் அதிகம், மழைக்காலத்தில் வெள்ளம் பயங்கரம். 1909 டிசம்பரில் வந்த வெள்ளம் இந்தப் பாலத்தின் கீழ்த்தளத்தையே நெருங்கிவிட்டது. இரண்டாவது காரணம் கரை. இருபுறமும் கருங்கல். வளைவுப் பாலம் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் கரையைத் தள்ளும். ஸ்ட்ரக்சர்ஸ் சார் நடத்திய ஃபார்முலாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பாரத்தை ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். இங்கே ஸ்பான் 172 மீட்டர், வளைவின் உயரம் ஏறத்தாழ 45 மீட்டர். அப்படியானால் மீட்டருக்கு ஒரு டன் பாரம் வைத்தால் கரை மேல் விழும் பக்கவாட்டுத் தள்ளு விசை 82 டன் சொச்சம்! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் களிமண் கரையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கருங்கல் கரை கிடைத்ததால்தான் இந்த ஊரில் வளைவு நின்றது.

இன்னொரு கணக்கையும் கரையில் உட்கார்ந்தே போட்டேன். ஒரு டிகிரி சூடு ஏறினால் இரும்பு பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 172 மீட்டர் இரும்பு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். கரை நகராது. அப்போது வளைவு என்ன செய்யும்? மேல் நோக்கி எழும்பும். குளிரில் இறங்கும். மூச்சு விடுகிற மாதிரி! இதற்காகத்தான் வளைவின் காலில் ஹிஞ்ச், அதாவது கதவுக் கீல் மாதிரி, திரும்ப வழி வைத்திருக்கிறார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு 'ஆறு பாலம்' படகில் ஏறினேன். சுற்றுலாப் பயணிகளுக்கான படகு, ஒரு மணிக்குள் ஆறு பாலங்களையும் காட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒயின் கிடங்குகளைப் படம் எடுத்தார்கள். நான் பாலங்களின் அடிவயிற்றைப் படம் எடுத்தேன்.

அவற்றில் என்னை மயக்கியது மரியா பியா பாலம். ரயிலுக்காக எய்ஃபெல் கம்பெனி கட்டியது. பாரிஸ் கோபுரம் 1889-ல்தான் வந்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தியது இது. 1876 ஜனவரியில் வேலை ஆரம்பம், 1877 நவம்பரில் திறப்பு விழா. ஸ்பான் 160 மீட்டர். பிறை நிலா மாதிரி நடுவில் தடித்து, இரண்டு முனையிலும் மெலிந்து முடிகிறது. ஹிஞ்ச் உள்ள இடத்தில் வளைக்கும் விசை பூஜ்யம், அதனால் அங்கே தடிமன் தேவையில்லை. பெண்டிங் மொமென்ட் படத்தை நோட்டில் போடுவதற்குப் பதில் ஆற்றின் மேல் இரும்பில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைக் கட்டும்போது ஆற்றில் சாரம் கட்ட வழியில்லை. இரண்டு கரையிலிருந்தும் அரை வளைவு, அரை வளைவாக, இரும்பு வடத்தால் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே, துண்டு துண்டாக நீட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தரத்தில் நடுவில் வந்து இரண்டும் சேர்ந்தன. கால்குலேட்டர் இல்லாத காலம்!

ஒரு சின்ன ஆதங்கம். இந்தப் பாலத்தின் வடிவமைப்பிலும் கணக்கிலும் பெரும் பங்கு தியோஃபில் செய்ரிக் என்ற பொறியாளருடையது. அவர் அப்போது எய்ஃபெலின் கூட்டாளி. பிறகு பிரிந்து வந்துவிட்டார். டோம் லூயிஸ் பாலத்துக்குப் போட்டி நடந்தபோது எய்ஃபெல் கம்பெனியும் இருந்தது. ஆனால் தேர்வானது செய்ரிக்கின் இரண்டு தளத் திட்டம்தான். இருந்தும் ரிபெய்ராவில் யாரைக் கேட்டாலும் "எய்ஃபெல் பாலம்" என்றுதான் சொல்கிறார்கள். ப்ராஜெக்ட் வேலையில் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டவன் ஒருத்தன், வைவாவில் பேசிப் பெயர் வாங்கியவன் இன்னொருத்தன். நம்ம பேட்ச்சிலும் இது நடந்திருக்கிறது, யாரென்று சொல்ல மாட்டேன்.

மரியா பியாவில் 1991-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் சாவோ ஜோவாவோ என்ற கான்கிரீட் பாலம் வந்துவிட்டது. அதைக் கட்டிய எட்கர் கார்டோஸோதான் கடல் பக்கம் உள்ள அர்ராபிடா பாலத்தையும் கட்டினார். 1963-ல் திறந்தபோது 270 மீட்டர் ஸ்பானோடு உலகிலேயே பெரிய கான்கிரீட் வளைவு. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில் 305 மீட்டரில் ஒன்று கட்டி ரெக்கார்டைப் பறித்துவிட்டார்கள். அர்ராபிடாவில் எனக்குப் பிடித்தது அதன் சென்ட்ரிங். ஒரு வளைவுக்கு இரும்பில் சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டு முடித்த பிறகு, அந்த முழு சென்ட்ரிங்கையும் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த வளைவைப் போட்டார்கள். நம்ம சைட்டில் ஒரு ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் பிரிக்கவே மேஸ்திரி எவ்வளவு சத்தம் போடுவார்! மேஸ்திரி என்ற சொல்லே போர்ச்சுகீஸ் மொழியிலிருந்து நமக்கு வந்ததுதான். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாமும் அப்படியே.

ஆறு பாலங்களில் மரியா பியா, டோம் லூயிஸ், இன்ஃபான்டே, அர்ராபிடா நான்கும் ஆற்றில் கால் வைக்காதவை. இதை நோட்டில் பெருமையாகக் குறித்துக்கொண்டேன். அந்தப் பெருமையோடு படகிலிருந்து இறங்கி ரிபெய்ரா கரையில் நடந்தபோதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு வெண்கலப் பலகை. அதற்குக் கீழே மெழுகுவர்த்திகளும் பூவும். சாமி படம் என்று நினைத்துத்தான் கிட்டே போனேன். சாமி இல்லை. உடைந்து போகிற ஒரு பாலம், தண்ணீரில் விழுகிற ஜனங்கள்.

இரும்புப் பாலங்கள் வருவதற்கு முன்னால், 1806-லிருந்து, இங்கே படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட பாலம் இருந்தது. 1809 மார்ச் 29-ஆம் தேதி நெப்போலியனின் தளபதி சூல்ட்டின் படை ஊருக்குள் புகுந்தது. உயிருக்குப் பயந்த ஜனங்கள் எதிர்க்கரைக்கு ஓட, அத்தனை பேரும் அந்தப் பாலத்தில் ஏறினார்கள். பாலம் போய்விட்டது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியாது, நெருக்கிக்கொண்டே வந்தார்கள். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். 1897-ல் வைத்த பலகை அது. இருநூறு வருஷம் தாண்டியும் யாரோ வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பாட்டி கடைப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்று ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

ராத்திரி தங்கிய இடம் ஒரு சின்ன விடுதி. நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலம் நன்றாகவே பேசினார். சாவி கொடுக்கும்போது, "எங்க ஊரிலும் இதைச் சாவி என்றுதான் சொல்வோம்" என்றேன். நம்பவில்லை. ஜன்னலையும் காட்டிச் சொன்னதும் ஒரே சிரிப்பு. ஒரு கிண்ணம் கீரை சூப் வந்தது, காசு வாங்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். பாலம் பாலமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த இன்னொரு பாலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையா?" என்றார்.

போர்ட்டோவுக்கு மேலே, இதே டோரு ஆற்றில், என்ட்ரே-ஓஸ்-ரியோஸ் என்று ஓர் ஊர். 'ஆறுகளுக்கு நடுவே' என்று அர்த்தம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலம் இருந்தது. கல் தூண்கள், மேலே இரும்புத் தளம். 2001 மார்ச் 4-ஆம் தேதி, ஞாயிறு இரவு, நல்ல வெள்ளம். பாதாம் மரங்கள் பூத்திருப்பதைப் பார்க்கச் சுற்றுலா போனவர்கள் ஒரு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்குள் இருந்த ஒரு தூண் சரிந்தது, தளம் விழுந்தது. பஸ்ஸும் மூன்று கார்களும் ஆற்றில். 59 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. "இந்த வீட்டுக்குக் கீழேதான் அந்த ஆறு போகிறது. அன்றைக்கு நாங்கள் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை" என்றார் அந்த அம்மா. சில உடல்கள் கடலுக்கு அடித்துக்கொண்டு போய், ஸ்பெயின் நாட்டுக் கரையில் ஒதுங்கின. பல உடல்கள் கிடைக்கவே இல்லை. துறை அமைச்சர் உடனே பதவி விலகினார். அந்த ஊர் ஜனங்கள் புதுப் பாலம் வேண்டும் என்று வெகுநாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

ஏன் சரிந்தது? மேலே இருந்த இரும்பில் தப்பில்லை. தூணின் கல்லிலும் இல்லை. தூண் நின்ற மண் போய்விட்டது. இதைத்தான் நாம் ஸ்கவர் என்று படிக்கிறோம். தண்ணீர் தூணில் மோதியதும் ஒரு பங்கு கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலடியைச் சுழன்று தோண்டும். சாதாரண நாளில் கொஞ்சம், வெள்ளத்தில் நிறைய. வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் பழையபடி மணல் வந்து மூடிவிடும். மறுநாள் போய்ப் பார்க்கிறவனுக்குக் குழியே தெரியாது! இதற்கு மேல் அந்த ஆற்றில் வருஷக்கணக்கில் மணல் அள்ளினார்கள். மேலே அணைகள் கட்டிவிட்டால் புது மணலும் வராது. ஆற்றுப் படுகையே இறங்கிவிட்டது. அஸ்திவாரம் எந்த ஆழத்துக்கு என்று கணக்குப் போட்டுக் கட்டினார்களோ, அந்த மண்ணே அங்கே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

டிப்ளமோ மூன்றாம் வருஷம் இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ஒரு அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள். பாலங்களைப் பார்த்து ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை. கைப்பிடிச் சுவர், தளம், பேரிங், தூண், அஸ்திவாரம் என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். ஒரு ஆற்றுப் பாலத்துக்கு ஜீப்பில் போனோம். தளத்தில் நடந்தோம், குழி எத்தனை என்று எண்ணினோம், டீ குடித்தோம். ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடியது. அஸ்திவாரக் கட்டம் வந்ததும் கூட வந்தவரை நிமிர்ந்து பார்த்தேன். "நன்றுன்னு போடு தம்பி, நேரமாச்சு" என்றார். போட்டேன். என் கையெழுத்தில், நீல மையில், 'நன்று'. தூணின் காலடியை நான் பார்க்கவே இல்லை. சற்றுத் தள்ளி மணல் லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன், அதற்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பழைய காலத்து ஒற்றைப் பெட்டி டிராமில் ஏறி, ஆற்றங்கரையோடு கடல் முகம் வரைக்கும் போனேன். அந்தப் பகுதிக்குப் பெயரே ஃபோஸ், முகத்துவாரம் என்று அர்த்தம். கல் கட்டிய அலை தடுப்புச் சுவரின் நுனியில் ஒரு சின்ன கலங்கரை விளக்கம். அட்லாண்டிக் அலை அடித்தால் விளக்கத்தின் தலைக்கு மேல் தண்ணீர் எழும்புகிறது. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், திரும்பவும் கிட்டே வருகிறார்கள். நானும் நனைந்தேன். ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக வந்து கடலில் கலக்கிற கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்த மார்ச் மாதத்தில் இந்தக் கோட்டைத் தாண்டிப் போனவர்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளெரிகோஸ் கோபுரம், பெயர் பெற்ற புத்தகக் கடை என்று பட்டியலில் இன்னும் பாக்கி இருந்தது. போகவில்லை. மாலை ரயிலில் திரும்பிவிட்டேன்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த மே மாதத்தில் அந்தப் பழைய பாலத்துக்குப் போனேன். ஆறு காய்ந்து கிடந்தது. நம்ம பக்கத்துப் பாலங்களில் பலவற்றுக்கும் அஸ்திவாரம் கிணறு இறக்குவதுதான். அந்தக் கிணறு படுகைக்குள்ளே இருக்க வேண்டும். ஐந்தாவது தூணில் கிணற்றின் தலை தாண்டி, உடம்பு வெளியே தெரிந்தது. டேப் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் நாலடி, இன்னொரு பக்கம் ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நல்லவேளை, அதில் போக்குவரத்து இல்லை. நான் நின்ற பாலத்தில் அப்போதுகூட ஒரு டவுன் பஸ் தலைக்கு மேல் போனது.

படம் பிடித்து, அளவு எழுதி, அந்த ரெஜிஸ்டரில் இன்ன தேதியில் 'நன்று' என்று எழுதியவன் நான்தான் என்பதையும் சேர்த்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு ஓவர்சீயர் போன் செய்தார். "நீங்க எழுதினது அஞ்சாவது தூணா, கரையிலிருந்து எண்ணினா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கிழக்கிலிருந்து என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இந்த மலர் அச்சுக்குப் போகிற வாரத்தில் ஒருநாள் அந்த வழியாகப் போனேன். பாலத்தில் கனரக வாகனம் போகக் கூடாது என்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். கீழே ஐந்தாவது தூணைச் சுற்றிக் கருங்கல் கொட்டியிருக்கிறது, பாதி. மீதிக் கல் கரையில் குவியலாகக் கிடக்கிறது.